காலை 11 மணிக்கு உங்கள் கம்ப்யூட்டர் ஏன் காத்திருக்கிறது?

ஆடிப்பூரத் தேருக்கு சென்னையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸ்ஸில் ஸ்லீப்பர் தட்கல் முன்பதிவு, முந்தைய நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். கிளிக் செய்கிறீர்கள், வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் பழுதா? பெரும்பாலும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும் எந்தத் தளத்திலும் தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை இங்கு பார்ப்போம்.

உங்களுக்குப் பக்கத்தைக் காட்டுவது வெப் சர்வர். தகவல்கள் இருப்பது டேட்டாபேஸில். இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்பு வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை, அதன் கிடங்கு ராஜபாளையத்தில் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் புதிதாக டயல் செய்து, யார் பேசுவது என்று சொல்லி, "அரைக் கிலோ இருக்கிறதா?" என்று கேட்டு, போனை வைத்தால் எப்படி இருக்கும்? கேள்வியை விட டயல் செய்யத்தான் அதிக நேரமாகும். டேட்டாபேஸிலும் அப்படியே. ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் பாஸ்வேர்ட் சோதனை உண்டு.

போனை வைக்காமலே இருப்பதுதான் பெர்சிஸ்டன்ட் கனெக்ஷன், அதாவது நீடிக்கும் இணைப்பு. இதிலும் சிக்கல் உண்டு. பேசாத லைனும் இடத்தை அடைக்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், செட்டிங்கை மாற்றாவிட்டால், ஒரே நேரத்தில் 151 இணைப்புகளையே ஏற்கும். சும்மா இருக்கும் இணைப்பை 8 மணி நேரம் வரை விட்டு வைக்கும். எல்லாம் நிரம்பிவிட்டால் அடுத்து வருபவருக்குப் பிழைச் செய்திதான்.

இதற்குத் தீர்வு கனெக்ஷன் பூலிங். கடையில் பத்து போன்களை மட்டும் எப்போதும் லைனில் வைத்து, ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவரிடம் கொடுப்பது போன்றது இது. ஜாவா புரோகிராமர்கள் பயன்படுத்தும் ஹிகாரிசிபி என்ற பூல், மாற்றாத நிலையில் அதிகபட்சம் 10 இணைப்புகளையே வைத்துக் கொள்கிறது. அனைத்தும் பேச்சில் இருந்தால் புதிய கோரிக்கை வரிசையில் நிற்கும். வட்டம் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐ.ஆர்.சி.டி.சி. தளமே 2014 ஏப்ரலில் புதிய அமைப்புக்கு மாறியது. அப்போது அதன் திறன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பதிலிருந்து 7,200 ஆக உயர்த்தப்பட்டது.

எனவே வட்டம் சுற்றும்போது எப்5 கீயை அழுத்திக் கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு அழுத்தமும் வரிசையில் இன்னொரு கோரிக்கையைச் சேர்க்கும். பணம் கட்டிய பிறகு பக்கம் நின்று விட்டால், மீண்டும் கட்டும் முன் உங்கள் முன்பதிவுப் பட்டியலைப் பாருங்கள். டிக்கெட் அங்கே வந்திருக்கலாம்.