வழக்கும் விசுவாசமும் – 9: இரட்டை இலைக்கு ஓட்டு, பெங்களூரில் விசாரணை

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் சுவரில் அம்பேத்கர் படமும் எம்.ஜி.ஆர். படமும் அக்கம்பக்கமாகத் தொங்குவதைப் பார்க்கலாம். ஓட்டும் அப்படித்தான் மாறி மாறி விழுந்தது. கோலார் தங்கவயல் தொகுதி 1999இல் அ.தி.மு.க.வின் பக்தவச்சலத்தையும், 2004இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் ராஜேந்திரனையும் கர்நாடக சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

அந்த 1999இல் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு சென்னை தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. இரட்டை இலைக்கு அதனால் இங்கே சேதம் எதுவுமில்லை. அந்த வாக்காளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கன்னட நாட்டில், மூடப்போகும் சுரங்கத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்குத் தங்கள் மொழி பேசும் கட்சி ஒன்று இருந்ததே பெரிய தெம்பு. கோளாறு வேறு இடத்தில் நடந்தது.

2001இல் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானார். ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கக் கேட்டிருக்க வேண்டிய அரசு வழக்கறிஞர் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் அரசே வழக்கு நடத்தினால் வேறு என்ன நடக்கும்? தி.மு.க. பொதுச்செயலாளர் அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. அன்பழகனும் கட்சிக்காரர்தான், அரசியல் லாபம் பார்க்காமல் போயிருக்க மாட்டார். ஆனாலும் அவர் போகாவிட்டால் அந்த வழக்கு சென்னையிலேயே செத்திருக்கும்.

மாரிகுப்பத்து ஆட்கள் விடியற்காலை ரயிலேறிப் பிழைக்கப் போகும் அதே பெங்களூரில், 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்ஹா தீர்ப்பளித்தார்: நான்காண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். பதவியில் இருக்கும்போதே தண்டனை பெற்றுப் பதவி இழந்த முதல் முதல்வர் ஜெயலலிதா. இரண்டு நாள் கழித்து ஓ. பன்னீர்செல்வமும் அமைச்சர்களும் அழுதுகொண்டே பதவியேற்றார்கள். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்திருந்தார். தீர்ப்பைப் படித்துப் பார்ப்போம் என்று சொல்ல அந்தக் கட்சியில் ஒரு மூத்தவர்கூட முன்வராதது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அமெரிக்காவில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. 1974இல் நிக்சனின் சொந்தக் கட்சித் தலைவர்களே வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் உங்களுக்கு ஆதரவு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நிக்சன் விலகினார். 2021இல் பதவிநீக்க விசாரணையில் டிரம்புக்கு எதிராக வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஏழே பேர். அவர்களில் ஒருவரான பில் காசிடியை லூசியானா மாநிலக் கட்சி அன்றைக்கே கண்டித்துத் தீர்மானம் போட்டது. அலுவல் ரீதியான செயல்களுக்கு அதிபர்மீது குற்றவழக்குத் தொடர முடியாதபடி விரிவான பாதுகாப்பு உண்டு என்று 2024 ஜூலையில் அங்கே உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் முதல்வர்களுக்கு அப்படிக் கவசம் இல்லை. 361ஆம் பிரிவு காப்பது குடியரசுத் தலைவரையும் ஆளுநர்களையும் மட்டுமே.

இரட்டை இலை உதிர்ந்த பிறகும் தங்கவயலில் கதை மாறவில்லை. 2008இல் வென்ற பா.ஜ.க. எம்.எல்.ஏ. சம்பங்கிக்கு லஞ்ச வழக்கில் லோக் ஆயுக்தா நீதிமன்றம் 2012இல் சிறைத்தண்டனை விதித்தது. மறு ஆண்டே அக்கட்சி அவருடைய தாயார் ராமக்காவை நிறுத்தியது. தொகுதி அவரை ஜெயிக்க வைத்தது.

ஜெயலலிதா வழக்கின் முடிவு இது. 2015இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2016 டிசம்பரில் அவர் இறந்தார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை உறுதிசெய்தது. இறந்துபோனதால் அவர் மீதான மேல்முறையீடு மட்டும் அற்றுப்போனது. அதே வழக்கில் தண்டனை பெற்ற சசிகலா நான்காண்டு தண்டனை முடிந்து பெங்களூரில் விடுதலையானது 2021 ஜனவரி 27. அரசுப் பணத்தில் மெரினாவில் கட்டிய ஜெயலலிதா நினைவிடத்தை முதல்வர் பழனிசாமி திறந்துவைத்ததும் அன்றுதான்.

(தொடரும்)