எஞ்சினின் மூச்சுக் குழாய்

மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து நோக்குவார் கண்ணுக்குப் பாட்டரி தெரியும். எஞ்சினின் பக்கத்தே வளைந்து செல்லும் ஒரு சிறு குழாயை அவர் பொருட்படுத்துவதில்லை. அதுவே எஞ்சினின் மூச்சுக் குழாய்.

பெட்ரோல் ஆவியும் காற்றும் சிலிண்டருக்குள் எரியும்போது எழும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எத்துணை நெருக்கமாகப் பொருந்தினும், வளியில் ஒரு சிறு பகுதி அவற்றைக் கடந்து, கீழேயுள்ள கிராங்குப் பெட்டிக்குள் கசிந்துவிடும். எஞ்சினின் எண்ணெய் தங்குமிடமும் அதுவே. கசிந்த வளியில் எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் உள. பெட்ரோல் எரிந்தால் நீர் வருமோ என நீங்கள் வினவலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியுங்கால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகின்றது! பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். கிராங்குப் பெட்டியில் இறங்கியதோ, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீராகப் படிந்து, எண்ணெயோடு கலந்து சேறாகத் திரளும். அச்சேறு எண்ணெய் செல்லும் வழிகளை அடைத்து உறுப்புகளைத் தேய்க்கும்.

கசிந்த வளி வெளியேற வழியில்லையெனில் அழுத்தம் மிகும். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பெற்ற மாரிஸ் மைனர் என்னும் சிறு காரை எடுத்துக்கொள்வோம். 1952 முதல் அதில் அமைந்த எஞ்சினில், கிராங்குத் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்க ரப்பர் வளையம் இல்லை. எண்ணெயை உள்ளே திருப்பும் மரை ஒன்றே உண்டு. உள்ளழுத்தம் மிகுந்தால் அம்மரை தோற்கும். எண்ணெய் கசிந்து கிளட்சை நனைக்கும். எண்ணெய் ஒழுகுகின்றது என்று மூச்சுக் குழாயை அடைப்பவர், நோயை வளர்ப்பவரே ஆவர்.

பழைய கார்களில் இக்குழாய் சாலையை நோக்கித் தொங்கியது. வண்டி ஓடுகையில் குழாய்வாயைக் கடக்கும் காற்று, உள்ளிருக்கும் வளியை இழுத்துச் செல்லும். நகரத் தெருவில் வண்டி ஊர்ந்தாலோ நின்றாலோ இழுப்பு இராது. எளிய ஏற்பாடுதான், ஆயினும் எஞ்சினின் அழுக்கையெல்லாம் ஊரார் மூச்சில் கலந்தது.

அதன் தீமை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வெளிப்பட்டது. அங்குக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் அடிக்கடி கவிந்தது. வண்டிகள் உமிழும் பெட்ரோல் ஆவி முதலியவை வெயிலில் மாறுதலுற்று அம்மூட்டம் ஆகின்றன என்பதை, 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் விளக்கினார். வண்டி உமிழும் அவ்வாவியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராங்குப் பெட்டியிலிருந்தே வந்தது. எனவே கலிபோர்னியாவில் விற்கப்பெற்ற 1961-ஆம் ஆண்டுக் கார்கள் முதல் குழாயின் போக்கு மாற்றப்பட்டது.

சாலைக்குச் சென்ற வளி, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழிக்கே திருப்பப்பட்டு, மீண்டும் எரிக்கப்படுகின்றது. இடையே ஒரு சிறு வால்வு உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் விசை மிகுதி. அவ்விசையே வால்வின் வழியைச் சுருக்கும். வேகம் கூட்டுகையில் உறிஞ்சும் விசை குறைய, உள்ளிருக்கும் வில் வழியை அகலத் திறக்கும். கசிவு மிகும் நேரத்தில் வழியும் அகலுதல் எத்துணைப் பொருத்தம்!

பந்தய வண்டிக்காரர் சிலர், எண்ணெய்த் துளிகளைப் பிடிக்க இடையே ஒரு டப்பாவை வைப்பர். அதை அவ்வப்போது வடித்துவிடல் வேண்டும்.

இவ்வால்வு அமைந்த எஞ்சினைச் சோதிப்பது எளிது. எஞ்சின் மெதுவாக ஓடுகையில், எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதன்மேல் ஒரு தாளை வைத்தல் வேண்டும். தாள் உள்நோக்கி இழுபட்டு ஒட்டினால் மூச்சு நன்று. துள்ளி எழுந்தால், வால்வு அடைபட்டிருக்கும். அன்றேல் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கும்.