இரண்டின் 67-ஆம் அடுக்கு, ஒன்று குறைய

1903 அக்டோபர் 31, நியூயார்க். அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனார். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தார்: 14,75,73,95,25,89,67,64,12,927. பலகையின் இன்னொரு பக்கம் 19,37,07,721 என்று எழுதி, அதை 7,61,83,82,57,287-ஆல் வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே எண். வாய் திறக்காமலே போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது. எத்தனை நாள் பிடித்தது என்று பின்னால் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இந்தக் கதையைப் பரப்பிய கணித எழுத்தாளர் இ. டி. பெல் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்துச் சொல்கிறவர். பெருக்கல் மட்டும் அப்பழுக்கில்லாதது. யாரும் போட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் அந்த எண் பகா எண்ணாக உலவியது. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி அப்படித்தான் பட்டியலிட்டார். 1876-இல் கணிதவியலாளர் லூக்கா அதை மறுத்தார். அவர் செய்தது விசித்திரமான காரியம்: ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல், இது பகு எண்தான் என்று நிறுவிவிட்டார். உடையும் என்பது தெரியும், எங்கே உடையும் என்பது தெரியாது. 27 வருடம் அப்படியே கிடந்தது.

கோலுக்கு ஒரு பிடி இருந்தது. இதன் காரணி எதுவானாலும், 67-இன் இரு மடங்கான 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அந்த வரிசையில் அவருடைய சிறிய காரணி 14,45,580-ஆவது ஆள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுள் போதாது. இருபடி எச்சங்களை, அதாவது வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளை, வைத்துச் சல்லடையை மேலும் நெருக்கினார்.

இன்று அந்தச் சல்லடை வேண்டாம். 134 என்ற பிடி ஒன்றே போதும். பத்து வரி நிரல் எழுதி ஓடவிட்டால், பதினான்கு லட்சத்துச் சொச்சத்தையும் கைப்பேசி சட்டென்று முடித்துவிடும். ஆனால் அதே கைப்பேசியின் கால்குலேட்டரில் அந்த எண்ணைத் தட்டினால், பல நேரம் கடைசி இலக்கங்களை விழுங்கிவிட்டுத் தோராயமாக மழுப்பும். கோலின் சாக்கட்டி அப்படி மழுப்பவில்லை.

2024 அக்டோபரில், இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் இதே குடும்பத்தில், 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண் அறிவிக்கப்பட்டது. அதை உறுதிசெய்த சோதனை லூக்காவின் வழியில் வந்ததுதான். பகா எண்ணா என்று கேட்டால் கோடிக்கணக்கான இலக்கங்களுக்கும் பதில் வருகிறது. பிரித்துக் கொடு என்றால்தான் தகராறு. 2-இன் 1277-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் வருவது வெறும் 385 இலக்கம். அது பகு எண் என்று தெரியும். ஒரு காரணிகூடத் தெரியாது. காரணி எதுவானாலும், 1277-இன் இரு மடங்கான 2554-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதுதான் பிடி. அதைப் பற்றிக்கொண்டு கணினிகள் ஞாயிறு திங்கள் பாராமல் தேடிக்கொண்டிருக்கின்றன.