முதல் நூறு பக்கம் புரியாது, பரவாயில்லை

ஜான் லெ காரேயின் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ (1974) நாவலை ஆசையாக வாங்கி, ஐம்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி அலமாரியில் ஏற்றியவர்கள் நிறைய. அவர்கள் மேல் தப்பில்லை. துப்பாக்கியும் துரத்தலும் வரும் என்று பிரித்தால், கொட்டும் மழையில் காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்கிறார் புது வாத்தியார். முதுகு கோணல். சிநேகிதம் இல்லாத ஒரு குண்டுப் பையன் ஜன்னல் வழியாக அவரைக் கவனிக்கிறான். அந்த முதுகுக்கு என்ன ஆனது என்பது பல அத்தியாயம் தாண்டித்தான் தெரியும்.

இந்தக் குழப்பம் வேண்டுமென்றே செய்தது. கதையில் உளவாளிக்குக் கிடைப்பதைவிட ஒரு துளி கூடுதலாக வாசகருக்குக் கொடுப்பதில்லை என்று லெ காரே பிடிவாதமாக இருக்கிறார். சொந்த உளவுத்துறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் துரோகியைத் தேடி, லண்டனில் ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்து ராத்திரி பூராவும் பழைய ஃபைல்களைப் புரட்டும் நாயகன் ஸ்மைலியோடு நாமும் புரட்ட வேண்டியதுதான். நாவலின் உச்சகட்டப் படபடப்பே, சொந்த ஆபீஸ் ஆவண அறையிலிருந்து ஒரு ஃபைலைக் கிளப்பிக்கொண்டு வருவதில்தான் இருக்கிறது! ஜேம்ஸ் பாண்ட் ஃபைல் தேடிப் பார்த்திருக்கிறோமா?

எழுதியவர் உளவுத்துறைக்கு உள்ளே இருந்து வந்தவர். நிஜப்பெயர் டேவிட் கார்ன்வெல். எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டிலும் வேலை பார்த்தவர். பான் நகரத்துப் பிரிட்டிஷ் தூதரகத்தில் அதிகாரி என்ற போர்வையில் இருந்தபடியே எழுதிய ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’ நாவலை 1963-ல் வெளியிட்டார். அதே வருஷம் ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்கு ஓடினார் கிம் ஃபில்பி. நம்ம ஊர் அம்பாலாவில் பிறந்த அந்த ஃபில்பிதான் ஒரு காலத்தில் எம்.ஐ.6-ல் சோவியத் உளவை முறியடிக்கும் பிரிவுக்கே தலைவர், சோவியத்தின் ஆளாக இருந்துகொண்டே. ‘டிங்கர் டெய்லர்’ அந்தக் காயத்திலிருந்து எழுதப்பட்டது. லெ காரேயின் அப்பாவும் ஜெயிலுக்குப் போய் வந்த மோசடிப் பேர்வழி. கூடவே இருப்பவர் ஏமாற்றுவது எப்படி இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாவலின் இருட்டும் இந்த ஏமாற்றில்தான் இருக்கிறது. எதிரி பயமுறுத்துவதே இல்லை. டெல்லி சிறையில் நடக்கும் ஒரு சந்திப்பைப் பாருங்கள். சோவியத் உளவாளி கார்லாவை மனம் மாற்ற, வியர்க்க வியர்க்கப் பேசுகிறார் ஸ்மைலி. தன் மனைவி ஆன் பற்றிய கவலையெல்லாம் அவரையறியாமல் பேச்சில் வந்துவிடுகிறது. கார்லா வாயே திறக்கவில்லை. நீட்டிய சிகரெட்டைத் தொடவில்லை. போகும்போது ஆன் பரிசளித்த லைட்டரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். விசாரிக்கப் போனவர் விசாரிக்கப்பட்டுத் திரும்புகிறார். அன்று வெளிப்பட்ட பலவீனத்தை வைத்தே பின்னால் கார்லா காய் நகர்த்துகிறார்.

புதிதாக ஆரம்பிப்பவர் மெலிந்த புத்தகமான ‘தி ஸ்பை’யில் தொடங்கலாம். பிறகு ‘டிங்கர் டெய்லர்’. பெயர்கள் குழம்பினால் முன்பக்கம் திருப்ப வேண்டாம், போய்க்கொண்டே இருங்கள். முக்கியமானவர் மறுபடி வருவார். நாவலைப் படித்து முடித்தபின் அலெக் கின்னஸ் நடித்த 1979 பி.பி.சி. தொடரைப் பார்ப்பது நல்லது, இல்லாவிட்டால் துரோகி யார் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். அடுத்து வரும் ‘தி ஹானரபிள் ஸ்கூல்பாய்’ ஹாங்காங், கம்போடியா என்று அலைகிறது, பருமனும் அதிகம். அதைத் தாண்டி நேரே ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ போனாலும் கதை அறுந்துவிடாது.