உயிருள்ள சுறாவின் விலை

சுறாவைக் காண்பதற்கென்றே பெரும்பணம் செலவிட்டுக் கடலுக்குள் இறங்குவோர் உலகெங்கும் இருக்கின்றனர். சுறாப்புட்டின் வழியாக மட்டுமே அந்த மீனை அறிந்த நம்மில் பலருக்கு இது சற்று விந்தையாகத் தோன்றலாம். என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் ஸ்கூபா முக்குளிப்பில் பயிற்சி பெற்றிருக்கிறார். சுறாக்களைக் காண எந்த நாட்டுக்குச் செல்லலாம் என்று அண்மையில் என்னிடமே கேட்டார். நான் முக்குளிப்பவன் அல்லன். இருந்தாலும், இந்தக் கேள்வியில் பாதிக்கு மேல் பொருளியல் அடங்கியிருப்பதால் பதில் சொல்லத் துணிந்தேன்.

எந்த இடத்தில் எத்தனை வகைச் சுறாக்கள் தென்படும் என்பதைச் சுற்றுலா விளம்பரங்களே சொல்லிவிடும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் கடலில் சுறா உயிரோடு இருப்பதால் யாருக்கு வருமானம்?

சுற்றுச்சூழல் பொருளியல் வகுப்பில் பல ஆண்டுகள் நான் எடுத்தாண்ட கணக்கு ஒன்று உண்டு. மாலத்தீவின் சுறா மீன்பிடிப்பு குறித்து சார்லஸ் ஆண்டர்சன், ஹுதா அகமது ஆகிய இருவரும் 1993-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பவளப்பாறைகளை ஒட்டி வாழும் சாம்பல் நிறச் சுறா ஒன்றைப் பிடித்தால், மீனவருக்கு அன்று கிடைத்தது சுமார் 32 டாலர். அதுவும் ஒரே ஒரு முறை. அதே சுறா, முக்குளிப்போர் வந்து பார்க்கும் இடத்தில் உயிரோடு இருந்தால், ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,300 டாலர் வருவாய்க்குக் காரணமாகிறது. ‘ஃபிஷ் ஹெட்’ எனப்படும் புகழ்பெற்ற பாறையில் அந்த மதிப்பு 33,500 டாலர் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு அசந்துபோகும். பாடம் அதன் பிறகுதான் தொடங்கும். இது சராசரி மதிப்பேயன்றி இறுதிநிலை மதிப்பு அன்று. இருபது சுறாக்கள் உலவும் பாறையில் ஒன்று குறைந்தால் எந்தப் பயணியும் பயணத்தை ரத்து செய்யப்போவதில்லை. இன்னொன்று குறைந்தாலும் அப்படித்தான். ஒவ்வொன்றாகக் குறைந்து, ஏதோ ஒரு கட்டத்தில் ‘அங்கே இப்போது ஒன்றுமில்லை’ என்ற பேச்சுப் பரவும்போது வருவாய் ஒரேயடியாகச் சரியும். 1990-களின் நடுவில் ஃபிஷ் ஹெட் பாறைக்கு அதுதான் நேர்ந்தது. தாமதமாகவே முதிர்ந்து, ஓராண்டு அளவுக்குக் கருச்சுமந்து, ஒரு முறைக்கு ஒன்று முதல் ஆறு குட்டிகளே ஈனும் இனம் அது. போனதை மீட்க நெடுங்காலம் ஆகும்.

இதைவிடக் கடினமான கேள்வி பங்கீடு பற்றியது. 32 டாலர் மீனவரின் கைக்கு வந்தது. 3,300 டாலரோ விடுதிக்கும், முக்குளிப்பு நிலையத்துக்கும், விமான நிறுவனத்துக்கும் சென்றது. அப்படியிருக்க, சுறாவைப் பிடித்த மீனவரை அறியாமைக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தம் கணக்கில் அவர் சரியாகவே நடந்துகொண்டார். குமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்புக்குப் பேர்போனவர்கள். 2015-ஆம் ஆண்டு சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்திய அரசு தடைசெய்தபோது, அதன் சுமை அவர்களைப் போன்றோரின் தோளில்தான் இறங்கியது. மாலத்தீவு 2010-ஆம் ஆண்டு முழுமையான தடை கொண்டுவந்தபோது, அங்கும் சுறாவை நம்பியிருந்த மீனவக் குடும்பங்களே முதலில் விலை கொடுத்தன. உலகளவில் திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970-க்குப் பிறகு எழுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்ட நிலையில், தடைகள் தேவைதான். ஆனால், கரையில் உள்ளவருக்குப் பங்கில்லாத தடை காகிதத்தில்தான் நெடுநாள் வாழும்.

இந்த அளவுகோலில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பிஜித் தீவுகளின் பெக்கா கடற்பகுதி. அங்குள்ள சுறாப் பாறை 2004-ஆம் ஆண்டு காப்பிடமாக்கப்பட்டது. மரபுவழி மீன்பிடி உரிமை பெற்றிருந்த கிராமங்கள் அந்த இடத்தில் வலை வீசுவதைக் கைவிட்டன; அதற்கு ஈடாக, இறங்கும் ஒவ்வொரு முக்குளிப்பாளரும் செலுத்தும் கட்டணம் அக்கிராமங்களுக்கே செல்கிறது. பாடநூலில் எழுதி வைத்ததுபோன்ற ஏற்பாடு. காளைச் சுறாக்களுக்கு அங்கே இரை கொடுத்தே அழைக்கிறார்கள் என்பதைச் சிலர் கண்டிக்கின்றனர். கிராமத்துக்கு நேரடி வருவாய் இருப்பதால் அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆயினும், மீனவருக்குப் பணம் போனால் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. பிலிப்பைன்ஸின் ஓஸ்லோப் என்ற ஊரில் திமிங்கலச் சுறாக்களுக்குக் கூனி இறாலை அன்றாடம் ஊட்டிப் பயணிகளை ஈர்ப்பவர்கள் உள்ளூர் மீனவர்களே. படகை நெருங்கிப் பழகிவிட்ட அம்மீன்களின் உடலெங்கும் உள்ள தழும்புகளை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அந்த ஊரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பழைய புகழை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பதும் தவறு. வெள்ளைச் சுறாவுக்கு உலகத் தலைநகர் என்று கொண்டாடப்பட்ட தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாயில், 2017-ஆம் ஆண்டு முதல் ஓர்க்கா திமிங்கலங்கள் அவற்றைக் கொன்று ஈரலை மட்டும் தின்னத் தொடங்கின. எஞ்சியவை அக்கரையை விட்டு அகன்றன. மெக்சிகோவின் குவாடலூப் தீவில் கூண்டுக்குள்ளிருந்து வெள்ளைச் சுறா காணும் தொழிலை 2023 தொடக்கத்தில் அரசே நிறுத்திவிட்டது. பசிபிக்கில் உள்ள பலாவு, 2009-ஆம் ஆண்டு உலகின் முதல் சுறாச் சரணாலயமாகத் தன் கடலை அறிவித்த நாடு, நம்பிக்கையோடு செல்லலாம். ஆனால், தென்னிந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பணமும் விடுப்பும் பாதி கரைந்துவிடும்.

ஆகவே, மாணவரிடம் நான் சொன்னது அண்டையில் உள்ள மாலத்தீவைத்தான். அதிலும் தனித்தீவு சொகுசு விடுதி வேண்டாம் என்றேன். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்துவதற்கான விதிகள் 2009-ஐ ஒட்டித் தளர்ந்த பிறகு, ஃபுலிதூ போன்ற சிற்றூர்களிலும் தங்க முடிகிறது. செலவும் குறைவு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது தீவுக்காரரின் வீட்டுக்குப் போகும். அங்கே மது கிடையாது, உடையில் அடக்கம் வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய இடையூறாக இராது.

ஃபுலிதூ அமைந்துள்ள வாவு பவளத்தீவுக் கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ‘மியாரு கண்டு’ என்றொரு கால்வாய் இருக்கிறது. திவேகி மொழியில் மியாரு என்றால் சுறா. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை, கிழக்கிலிருந்து தெளிந்த கடல்நீர் இக்கால்வாய்கள் வழியே உள்ளே பாய்கிறது. நீரோட்டம் உள்நோக்கிப் பாயும் வேளையில் கால்வாயின் வாயருகே சாம்பல் நிறச் சுறாக்கள் கூடும். இரை காட்டி அழைக்க வேண்டியதில்லை. பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டு அசையாமல் பார்த்தாலே போதும். புலிச் சுறா வேண்டுமென்றால் தெற்கே ஃபுவாமுலா செல்லலாம். அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட புலிச் சுறாக்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆனால், சூரைமீன் கழிவைக் காட்டி அவற்றை வரவழைக்கும் வழக்கம் உண்டு. அனுபவமில்லாதவர் முதல் பயணத்திலேயே அங்கே போக வேண்டிய அவசியமில்லை.

கால்வாய் முக்குளிப்பில் உண்மையான ஆபத்து சுறாவின் பல்லில் இல்லை. தூண்டப்படாத சுறாத் தாக்குதலால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு நிகழும் சாவுகள் பொதுவாக ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கின்றன. அஞ்ச வேண்டியது நீரோட்டத்துக்கு. தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழத்துக்கே போதும். கால்வாய் விளிம்போ பெரும்பாலும் மாலத்தீவு அனுமதிக்கும் எல்லையான 30 மீட்டரை ஒட்டியே அமைந்திருக்கும். எனவே, அடுத்தநிலைப் பயிற்சியை ஊரிலேயே முடித்துவிட்டுச் செல்வது நல்லது. முன்பணம் அனுப்புவதற்கு முன், வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை பேர், வழிகாட்டிகளில் எத்தனை பேர் அந்தத் தீவைச் சேர்ந்தவர்கள் என்ற இரண்டையும் முக்குளிப்பு நிலையத்திடம் எழுதிக் கேட்கலாம். கடைசி முக்குளிப்புக்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சீட்டை அதற்கேற்ப எடுக்க வேண்டும்.