மனிதக் கோபுரமும் முதல் வாரச் சோதனையும்

கோகுலாஷ்டமி என்றதும், வலியசாலை போன்ற தமிழ் அக்கிரகாரங்களில் வாழ்வோர்க்கு உறியடியும் வழுக்குமரமும் நினைவிற்கு வரலாம். மும்பையிலும் தாணாவிலும் அவ்விழா வேறோர் உருக்கொள்கிறது. தெருவின் குறுக்கே வெகு உயரத்தில் கட்டிய தயிர்ப்பானையைக் ‘கோவிந்தா’ எனப்படுவோர் குழுவாகக் கூடித் தோள்மேல் தோளாக ஏறி உடைக்கின்றனர். 2012-ஆம் ஆண்டில் தாணாவில் ஜெய் ஜவான் குழுவினர் ஒன்பது அடுக்கு எழுப்பினர். 2025-இல் அதே நகரில் பத்து அடுக்கும் எழுந்தது.

இக்குழுக்கள் மரபாகப் பயிற்சி தொடங்கும் நாள் குரு பூர்ணிமை. அன்று முதல் விழா வரை பெரும்பாலும் ஐந்து வாரமே உண்டு. 2025-இல் 37 நாள் கிடைத்தது. அதிக மாதம் குறுக்கிட்ட 2023-இல் 66 நாள். காலம் இத்துணைக் குறுகியதாதலின், தொடக்கத்திலேயே குழுவின் தகுதியைக் கணிக்க வேண்டியிருக்கிறது. எத்தனை அடுக்கு ஏறினர் என்று எண்ணுவது எளிது. ஆனால் அவ்வெண் ஏமாற்றவும் செய்யும்.

உச்சி அடுக்குகளில் பெரும்பாலும் அடுக்குக்கு ஒருவரே நிற்பார். அத்தகைய மூவரின் எடை முறையே 30, 45, 55 கிலோ என்று கொள்வோம். அவர்களைத் தாங்குவோர் இருவராயின், ஆளுக்கு 65 கிலோ தோளில் இறங்கும். நேராக நிற்கும்வரை இக்கணக்கு பொருந்தும். இடுப்பு சற்றே சாய்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி ஒருவர்பால் சென்றுவிடும். அவருக்குக் கீழே நிற்பவர் பாடு சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதலில் அடித்தளத்தையே நோக்க வேண்டும். பகலெல்லாம் உழைத்து இரவில் பயிற்சிக்கு வருபவர்கள் இவர்கள். நேற்று நின்றவர்களே இன்றும் அதே இடத்தில் நிற்கின்றனரா? ஒருவர் வாராதொழிந்து, அவரினும் நான்கு விரல் உயர்ந்தவர் அவ்விடத்தில் நின்றால், பக்கத்துத் தோளின் மட்டம் கெடுகிறது. முழங்கால் நடுக்கம் எப்போது தொடங்குகிறது, மூச்சை அடக்கிக்கொள்பவர் யார், கழுத்தை நிமிர்த்தி மேலே பார்ப்பவர் யார் என்பனவும் கவனிக்கத்தக்கவை. வேடிக்கை பார்க்கும் ஆசை அடித்தளத்தாருக்கும் உண்டல்லவா!

அடுத்தது, இறங்கும் முறை. ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவிலும் மனிதக் கோபுரம் எழுப்புகின்றனர். 2010-இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அங்கே உச்சிக் குழந்தை கையுயர்த்தினால் மட்டும் போதாது. அனைவரும் சரியாமல் இறங்கினாலே முழு வெற்றி. ஏறிய பின் சரிந்தால் மதிப்புக் குறைவே. அமெரிக்காவில் தோன்றிய சியர்லீடிங் போட்டிகளிலும் விழுந்தால் மதிப்பெண் குறையும். மும்பையிலோ, பானை உடைந்த ஆரவாரத்தில் இறங்குவதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முதல் வாரத்தில் ஏழடுக்கு ஏறிச் சரியும் குழுவைவிட, ஐந்தடுக்கு ஏறி ஒழுங்காக இறங்கும் குழுவே ஆயத்தமானது என்பேன்.

உச்சிக்கு ஏறுவோர் எடை குறைந்த சிறுவர்கள் என்பதை மறத்தலாகாது. 2014-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் 18 வயதிற்குட்பட்டோரைத் தடுத்து, உயரத்தையும் 20 அடிக்குள் வரையறுத்தது. 2017-இல் உயர வரம்பு நீங்கிற்று. 14 வயதிற்குட்பட்டோர் ஏறலாகாது என்ற அளவில் வயது வரம்பு நின்றது. அவ்வாறிருந்தும், 2025 ஆகஸ்டில் மும்பை தஹிசரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து மாண்டான். அது விழா நாளுக்கு முன்பே, பயிற்சியின்போது நேர்ந்தது. ஆதலின் தலைக்கவசமும் தரைமெத்தையும் உள்ளனவா, ஏறுபவனின் வயது என்ன என்னும் வினாக்களைக் குரு பூர்ணிமை இரவிலேயே, முதல் அடுக்கு எழுமுன் கேட்டாக வேண்டும்.