வலிக்காத புண்ணும் ஊதியமில்லா ஓய்வும்

நீரிழிவு நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன; இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. அத்தகைய நோயுள்ள தூய்மைப் பணியாளரின் காலில் கண்ணாடிச் சில்லு ஏறினாலும் வலிப்பதில்லை. வலிக்காத புண்ணுக்காக ஒருநாள் கூலியை யார் இழப்பார்? (அளவு பாராமல் வழங்கப்படும் ரப்பர் பூட்ஸே உணர்விழந்த காலில் புண்ணை உண்டாக்கும் என்பது வேறு.)

புண்ணைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மேல் சிவந்தாலோ, தொற்று தசைக்கும் எலும்புக்கும் இறங்கினாலோ அது சிறுபுண் அன்று. காய்ச்சலும் நாடித்துடிப்பு உயர்வும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை விழுங்கிக் காத்திராமல் மருத்துவமனையில் சேர வேண்டும். சிரை வழியாக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து செலுத்துவதுடன், சீழையும் அழுகிய சதையையும் அறுவை மூலம் தாமதமின்றி அகற்ற வேண்டும். இரத்த ஓட்டத்தையும் சோதிக்க வேண்டும். அது தடைபட்டிருந்தால் மருந்து புண்ணைச் சென்றடையாது. தொற்றிய எலும்பை அகற்றாவிடில் மருந்து ஏறத்தாழ 6 வாரம் நீளும்.

இவற்றை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் செய்கின்றன. அவற்றால் தர இயலாதது ஓய்வு. புண் ஆறும்வரை அக்காலில் பாரம் விழலாகாது என்பதே சிகிச்சையின் பாதி. ஒப்பந்தப் பணியாளரோ கட்டுடனேயே வீதிக்குத் திரும்புகிறார். விரலோடு முடிந்திருக்கக்கூடியது முழங்காலுக்குக் கீழ் வெட்டுவதில் முடிகிறது. மருத்துவக் குறிப்பில் காரணம் 'நீரிழிவு'. சாதி சுமத்திய தொழிலுக்கு அங்கே இடமில்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் தகுதியுள்ளோர் நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்வரை பெறலாம். ஒப்பந்ததாரர் பதிவு செய்தாரா, பிடித்த தொகையைச் செலுத்தினாரா என்பதைப் புண் வருமுன்பே சங்கங்கள் கேட்டறிய வேண்டும்.